அமெரிக்கப் பலகையும் அந்தோணியார் அசனமும்

சிங்கராயருக்கு மரம் என்றால் தேக்கு. மற்றதெல்லாம் கட்டை. அவ்வளவுதான், அதற்கு மேல் அவரோடு பேச முடியாது. தாராவி நைண்டி ஃபீட் ரோட்டில் கடை போட்ட நாளிலிருந்து பர்மா தேக்கு விற்றார். பர்மாவிலிருந்து வரத்து சிக்கலானதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆப்பிரிக்கத் தேக்கு விற்றார். அப்புறம் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததையும், "இது பர்மாக்காரனுக்குச் சித்தப்பா மகன்" என்று சொல்லிச் சொல்லியே தள்ளிவிட்டார். தேக்கு என்கிற பேர் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும் மனிதருக்கு.

மகள் ஜாக்குலின் வேறு ரகம். செம்பூரில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் பல வருஷம் குப்பை கொட்டியவள். எந்த நாட்டிலிருந்து என்ன மரம் வந்து இறங்குகிறது என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வரும் பலகை முதலில் எப்போதாவது ஒரு கண்டெய்னர் என்றுதான் அவள் மேஜைக்கு வந்தது. பிறகு அடிக்கடி வந்தது. பிறகு அதற்கென்றே ஒரு தனி அலமாரி ஒதுக்க வேண்டியதாயிற்று. அதுவும் முழு மரத்தடியாக இல்லை. அங்கேயே அறுத்து, சூளையில் வைத்து ஈரத்தை வாங்கி, தரம் பிரித்து, கட்டுக்கட்டாக வந்தது. வொயிட் ஓக், ஆஷ், ஹிக்கரி என்று புதுப்புதுப் பெயர்கள். முலுண்டிலும் செம்பூரிலும் புது ஃபிளாட் வாங்குகிறவர்கள் ஃபோனில் எதையோ பார்த்துவிட்டு, அலமாரியும் தரையும் வெளிர் நிறத்தில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். கடைக்காரர்கள் கேட்டார்கள், கப்பல் கொண்டு வந்தது. ஊரே பக்கம் மாறிக்கொண்டிருந்தது, சிங்கராயரைத் தவிர.

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அப்பா கடைக்கு வந்தவள் செய்த முதல் காரியம், அந்த இறக்குமதிக் கணக்கை ஒரு வரைபடமாகப் போட்டு, கடைச்சுவரில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியதுதான். கோடு இடது மூலையில் தரையோடு தரையாகக் கிளம்பி, வலது மூலையில் தலைக்கு மேல் போய்விட்டது. சிங்கராயர் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார்.

"கோடு மேல போவுது, சரிதாட்டி. ஆனா நம்ம கடப்படில ஒருத்தனும் ஏறக் காணுமே" என்றார்.

"ஏறி வரணும்னா உள்ள அந்தச் சரக்கு இருக்கணும்லாப்பா?"

"வெளுத்த மரத்த வச்சுப் பொட்டி அடிக்கலாம். கோழிக்கூடு அடிக்கலாம். மனுசன் வீட்டுக்குள்ள வைப்பானா?"

இந்தச் சண்டை மாதக்கணக்கில் நடந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பித்தால் ராத்திரி இறக்கும்போதுதான் நிற்கும். அம்மா ஏஞ்சலம்மாளுக்கு அலுத்துவிட்டது. "ஒண்ணு அவ சொல்லுதத வாங்கிப் போடுங்க, இல்ல ரெண்டு பேரும் கடையிலயே சாப்ட்டுக்கிடுங்க, வீட்டுல சோறு கெடையாது" என்று அவர் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் சிங்கராயர் இறங்கி வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை.

"ஒரே ஒரு கண்டெய்னர். அந்தோணியார் திருநாளுக்கு ஊருக்கே சோறு போடுதோம்லா, அந்த அசனத்துக்குள்ள ஒருத்தனாவது வந்து, எனக்கு இந்த மரந்தான் வேணும்னு கேட்டு வாங்கணும். அப்பிடி வாங்கிட்டா, இனிமே கொள்முதல் ஒம்பாடு. வாங்கலன்னு வையி, எந்த மரம் எடுக்கணும்ங்குற பேச்சுல நீ மூக்க நுழைக்கப்படாது. பில்லு போடு, ஃபோன எடு, அதோட நிறுத்திக்க."

ஜாக்குலின் சரி என்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் யோசித்தாள். பில் போடவும் ஃபோன் எடுக்கவும் அவள் செம்பூர் வேலையையே வைத்துக்கொண்டிருக்கலாமே!

தலோஜா குடோனில் வந்து இறங்கியது அவ்வளவும் ஹிக்கரி. தச்சு மிஸ்திரிகள் வந்தார்கள், பலகையை நகத்தால் சுரண்டினார்கள், தட்டினார்கள், "பேக்கிங் லக்டி ஹை, பெஹன்" என்று, பெட்டி அடிக்கிற கட்டையைப் போய் வாங்கிவிட்டாளே என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்கள். ஜாக்குலின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நிறத்தைப் பார்த்ததுமே அவர்கள் காது மூடிக்கொண்டது. திருநாள் நெருங்க நெருங்க சிங்கராயர் கடையில் பாட்டுப் பாட ஆரம்பித்தார். அவர் பாடி அந்தக் கடை அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த நேரத்தில்தான் மாட்டுங்காவிலிருந்து ஃபோன் வந்தது. விஜயலக்ஷ்மி என்று பேர், அங்கே ஒரு நாட்டியப் பள்ளியை நடத்துகிறவர். பள்ளி அரங்கத்தின் மேடையை முழுக்கப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமாம். ஆணி தலையைத் தூக்கிப் பெண்களின் காலைக் கிழிக்கிறதாம். தேக்குக்காரர் ஒருவர் ஏற்கெனவே விலை சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை கமிட்டி கூடி முடிவெடுக்கிறது. அமெரிக்க மரம் ஆட்டத்துக்கு நன்றாயிருக்கும் என்று யாரோ சொன்னதால் அதையும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்.

"படம் அனுப்பட்டுமா மாமி?" என்று கேட்டாள் ஜாக்குலின்.

"படம் என்னத்துக்கு? படத்து மேல ஏறி ஆட முடியுமா? ஞாயித்துக்கிழமை காலம்பற நேர்லயே வரோம். பலகையை எடுத்து வை."

ஞாயிற்றுக்கிழமைதான் அசனம். ஜாக்குலின் அந்தோணியார் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். உடனே டெம்போ பிடித்துத் தலோஜாவுக்குப் போய், கட்டைப் பிரித்து, நல்ல நல்ல பலகையாக எட்டுப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேல் நீளம், நல்ல கனம். இழைத்து, எண்ணெய் தடவி, கடை முன்பக்கம் சாத்தி வைத்தாள். பழுப்பும் வெளுப்புமாக ரேகை ஓடிய அந்தப் பலகைகளைப் பார்த்தால் அவளுக்கே எடுத்துக் கொஞ்சத் தோன்றியது.

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பம்பாய் ஜூன் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கடை முன்கூரை ஒழுகியது. பலகை நனைந்தால் போச்சு என்று, எட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்கட்டில் கொண்டுபோய் அடுக்கினாள். மூச்சு வாங்கியது. மத்தியானச் சாப்பாடுதான் அம்மா வீட்டில், ராத்திரிக்கு அவளுக்குத் தேவ்நாரில் தனி வீடு. நிம்மதியாக அங்கே போய்ப் படுத்துத் தூங்கினாள்.

அங்கேதான் அவள் சறுக்கினாள். அந்தத் தெருவில் அந்தோணியாருக்குக் கெபி என்று ஒரு சின்னக் குகைக்கோயில் எழுந்த நாளிலிருந்து அசனத்துக்கு ஆளுக்கு ஒரு உபயம். அரிசி ஒருவர், தேங்காய் ஒருவர், கறி இன்னொருவர். விறகு சிங்கராயர். அதற்காக யாரும் யாரையும் கேட்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சமையல் ஆட்கள் கைவண்டியோடு வருவார்கள், பின்கட்டில் கிடக்கிற வெள்ளைக் கட்டையை ஏற்றிக்கொண்டு போவார்கள். துறைமுகத்திலிருந்து வரும் உடைந்த பெட்டிப் பலகையும் கழிவுத் துண்டும்தான் அங்கே கிடக்கும். பழுப்பு மரம் விற்க, வெள்ளை மரம் எரிக்க. அந்தக் கடையில் பிறந்து வளர்ந்த பூனைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஜாக்குலினுக்கும் தெரியும். எட்டுப் பலகையைக் காப்பாற்றுகிற அவசரத்தில் மறந்து தொலைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கடைக்கு வந்து பின்கட்டைத் திறந்தாள். பின்கட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு சிராய்கூட இல்லை.

"அம்மா!"

ஏஞ்சலம்மாள் பட்டுச்சேலையும் கையில் பூச்சரமுமாக எட்டிப் பார்த்தார். "என்னட்டி கத்துத?"

"இங்கன இருந்த பலக எங்க?"

"வெறகா? நேத்தே சமையல்கார இசக்கிதுரை ஆளுவ வந்து ஏத்திட்டுப் போய்ட்டாவளே. இந்த வருசம் வெறகு நல்லா பளபளன்னு இருக்கேன்னு அவனுக்கு ஒரே சந்தோசம்."

தலோஜா குடோன் ஞாயிற்றுக்கிழமை திறக்காது. திறந்தாலும், இந்த மழையில் போய்த் திரும்ப அந்தி ஆகும். இதற்குள் ஃபோன் வேறு அடித்தது.

"நாங்க கெளம்பிட்டோம்மா. கிங்ஸ் சர்க்கிள்ல முழங்கால் மட்டும் ஜலம். டாக்ஸி நகர மாட்டேங்கறது. ஆனாலும் வந்துடுவோம், நீ இரு" என்றார் விஜயலக்ஷ்மி.

கிங்ஸ் சர்க்கிள் தண்ணீருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு ஜாக்குலின் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

கெபிக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் பெரிய தார்ப்பாய் கட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். தரையெல்லாம் ஒரே சேறு. ஆறு அடுப்பிலும் அண்டா கொதித்தது. வருஷா வருஷம் அசனத்துக்கு வந்து சமைக்கிற இசக்கிதுரை, தலையில் துண்டும் கையில் துடுப்புமாகக் கறி அண்டா முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த அண்டாவுக்கு அடியில், ஒரு நுனி தீயிலும் மறு நுனி வெளியிலுமாக நீட்டிக்கொண்டிருந்தது அவளுடைய பலகை. எண்ணெய் தடவி இழைத்த பலகை!

"அய்யோ அண்ணாச்சி! இது வெறகு இல்ல! இது அமெரிக்கா மரம்!"

இசக்கிதுரை அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "அமெரிக்கான்னா என்ன தாயி? அங்கயும் பேக்கிங் கட்ட வெள்ளையாத்தான இருக்கும்."

"இது பேக்கிங் கட்ட இல்ல. விக்கதுக்கு வச்சிருந்தது!"

"அப்பிடியா? நானும் பாத்தேன், என்னடா இது, கோடாலிய ஓங்கிப் போட்டா ரப்பர்ல போட்டாப்பல திரும்பி என் மூஞ்சிக்கு வருதுன்னு. ரெண்டு பய முயற்சி பண்ணுனானுவ. கோடாலிக் காம்புதான் முறிஞ்சிது. பொறவு இத மட்டும் முழுசா அடுப்புல சொருவிட்டு, மீதிய அந்தா போட்டுட்டோம்."

அந்தா என்று அவர் துடுப்பால் காட்டிய இடத்தைப் பார்த்ததும் ஜாக்குலினுக்கு அழுகை வந்தது. அடுப்பிலிருந்து பந்திக் கொட்டகை வரைக்கும் சேற்றில் செங்கல் வைத்து, செங்கல் மேல் மீதி ஏழு பலகையையும் வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். அதன் மேல்தான் அண்டாக்கள் போய்க்கொண்டிருந்தன. சோற்று அண்டாவை நாலு பேர் சேர்ந்து தள்ள, அது கர்ரென்று இழுபட்டுக்கொண்டு வந்தது. கொதிக்கிற வடிகஞ்சி வழிந்து பலகையெல்லாம் ஓடியது.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!"

"நிறுத்துனா சோறு சேத்துல கவுந்துரும்க்கா" என்றான் தள்ளியவர்களில் ஒருவன். அதுவும் நியாயம்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அண்டா போய்ச் சேருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிங்கராயர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று ஜாக்குலினுக்குத் தெரிந்தது. "நான் அன்னைக்கே சொன்னேம்லா? எரிக்கத்தான் ஆவும்னு. இப்ப அதுக்குங்கூட ஆவல" என்றார்.

"அப்பா, சத்தியமா எங்கிட்ட இப்ப பேசாதீங்க."

மாட்டுங்காக்காரர்கள் வந்தால் என்ன சொல்வது என்று அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். டெம்போ வரவில்லை என்று சொல்லலாம். மழையில் மாட்டிக்கொண்டது என்று சொல்லலாம். அடுத்த வாரம் காட்டுகிறேன் என்று கெஞ்சலாம். கமிட்டி நாளைக்கே கூடுகிறதே! தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குப் பின்னால், "இந்தா, எம்மவ இங்கதான் நிக்கா" என்று அம்மாவின் குரல் கேட்டது. ஏஞ்சலம்மாள் உபகாரம் செய்வதாக நினைத்து விருந்தாளிகளை நேராக அசனத்துக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

விஜயலக்ஷ்மிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஒல்லியாக, நெட்டுக்குத்தாக, சுங்குடிப் புடவையைக் கணுக்கால் தெரிய ஏற்றிக் கட்டியிருந்தார். கூட வந்தவர் வேங்கடசுப்ரமணியன், கமிட்டியின் பொருளாளர். பேன்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, ஒரு கையில் செருப்பும் மறு கையில் குடையுமாக நின்றார். அவர்களைச் சுற்றி ஆறு அண்டா, அதில் மூன்றில் ஆட்டுக்கறி. ஜாக்குலினுக்கு உயிரே போய்விட்டது.

"வாங்க மாமி. வாங்க சார். அது வந்து… இன்னைக்கு எங்க அந்தோணியார் திருவிழா…"

"தெரியறதே. பரவாயில்லை, பதறாதே" என்றார் விஜயலக்ஷ்மி.

வேங்கடசுப்ரமணியன் மூக்கை உறிஞ்சினார். "இந்தப் புகை வாசனை என்னமோ… நன்னா இருக்கே" என்றவர், அது எந்த அண்டாவிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அப்போது அடுத்த அண்டா கிளம்பியது. சாம்பார் அண்டா. நாலு பேர் "ஏலே, தள்ளு, தள்ளு" என்று தள்ள, பலகை மேல் அது முட்டி மோதிக்கொண்டு போனது. கடைசியில் ஒருவன் கை நழுவி, அண்டாவின் விளிம்பு பலகையில் டொம்மென்று இறங்கியது. விஜயலக்ஷ்மி சட்டென்று திரும்பினார். ஜாக்குலினிடம் ஏதோ கேட்க வந்தவர் கேட்கவில்லை. அந்தப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன மரம்?"

டெம்போ, மழை, அடுத்த வாரம் எல்லாம் ஜாக்குலின் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு வார்த்தை போதும், தப்பித்துவிடலாம். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிய முகத்தைப் பார்த்து அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"அதுதான் மாமி உங்களுக்குக் காட்டணும்னு எடுத்து வச்சது. ஹிக்கரி. வெறகுன்னு நெனச்சு இவங்க தூக்கிட்டு வந்துட்டாங்க. ஒண்ணு அடுப்புல எரியுது. மீதி இதுதான்."

வேங்கடசுப்ரமணியனின் குடை நழுவியது. "விறகா? சரிதான். பார்த்தா பேக்கிங் மரம் மாதிரின்னா இருக்கு!"

"பாத்தியா, படிச்ச மனுசன் சொல்லுதாரு" என்று நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜாக்குலின் திரும்பிப் பார்க்கவில்லை.

விஜயலக்ஷ்மி அதற்குள் பலகை பக்கம் போய்விட்டார். குனிந்து, புடவைத் தலைப்பால் கஞ்சியைத் துடைத்தார். விரலை வைத்து நீளத் தடவினார். "சார், இங்க வாங்கோ. போன வருஷம் நம்ம மேடைல பியானோவை ஒரு தரம் நகர்த்தினோமே, எத்தனை கோடு விழுந்துது? இதுல காலம்பறேந்து அண்டாவை இழுத்துண்டிருக்கா போலிருக்கு. எங்கே கோடு?"

பொருளாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். எண்ணெய்ப் பூச்சு போயிருந்தது. அங்கங்கே லேசாக மங்கியிருந்தது. கோடு என்று சொல்ல ஒன்றுமில்லை. அவர் இன்னொரு பலகைக்குப் போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

விஜயலக்ஷ்மி செருப்பைக் கழற்றினார். பலகை மேல் ஏறினார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தார். "தெய்யா தெய்" என்று வாயால் சொல்லிக்கொண்டே காலால் ஓங்கித் தட்டினார். கீழே செங்கல் இடைவெளி இருந்ததால் சத்தம் கணீரென்று எழும்பியது. இரண்டாம் தரம் வேகமாக. மூன்றாம் தரம் இன்னும் வேகமாக. அந்த வயசில் அந்தக் கால் போட்ட போட்டைப் பார்த்து அசனத்துக்கு வந்த கூட்டமே அசந்துவிட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். இசக்கிதுரை துடுப்பை அண்டாவில் விட்டுவிட்டுக் கைதட்டினார்.

"யம்மாடி! மாமி, இன்னும் ஒரு வாட்டி!"

"கறியப் பாரும்வே, அடி புடிக்கப் போவுது" என்று யாரோ அவரை அதட்டினார்கள்.

விஜயலக்ஷ்மி மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "சின்ன வயசுல சிமென்ட்ல ஆடி ஆடி என் முட்டி போனதுதான் மிச்சம். இது காலைத் திருப்பி அனுப்பறது, சார். அடிச்சா வாங்கிண்டு, மேல தூக்கி விடறது. வந்து நின்னு பாருங்கோ."

"நான் எதுக்கு?" என்று பொருளாளர் பின்வாங்கினார்.

விஜயலக்ஷ்மி இறங்கி வந்து ஜாக்குலினுக்கு நேராக நின்றார். "சரி, நல்லதெல்லாம் பாத்தாச்சு. இதுல என்ன கெடுதல்? அதைச் சொல்லு."

ஜாக்குலினுக்குப் பின்னால் சிங்கராயர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வியாபாரம் படிகிற நேரத்தில் வாயைக் கட்டு. கடையில் வைத்து ஆயிரம் தரம் கேட்ட செருமல்தான். மகள் தோற்றால் அவருக்குத்தான் ஜெயம் என்றாலும், அவருக்குள்ளிருந்த வியாபாரி அவளுக்குக் கை கொடுக்கத்தான் செய்தார். இத்தனை மாதச் சண்டையும் இந்த ஒரு பதிலில் போய்விடலாம்.

"தேக்குல ஒரு எண்ணெய் இருக்கு மாமி, கரையான் கிட்ட வராது. இதுல அது கெடையாது. அடியில மருந்து அடிக்கணும், காத்து போக வழி விடணும். மழைக்கு ஊதும். அதனால சுவரோரமா விரல் கனத்துக்கு எடம் விட்டுத்தான் அடிக்கணும். உங்க மேடைக்கு மேல கூரை ஒழுகுதுன்னா, முதல்ல கூரையச் சரி பண்ணுங்க. ஒழுகுற எடத்துல போடுறதுன்னா நான் குடுக்க மாட்டேன்."

"ஆத்தாடி" என்றார் சிங்கராயர், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

வேங்கடசுப்ரமணியனுக்குப் பிடி கிடைத்துவிட்டது. "பாத்தேளா? இத்தனை இருக்கு! பேசாம தேக்கே போட்டுடலாம்னுதான் நான் தலையால அடிச்சுண்டேன். அந்தத் தேக்குக்காரர் நூறு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாரே!"

ஜாக்குலின் கீழே பார்த்தாள். சேற்றில் தன் கால் விரல்கள் பாதி புதைந்திருந்தன. முடிந்தது என்றே நினைத்தாள்.

"சார், இப்போ பேத்து எடுக்கப்போற மேடை என்ன மரம்?" என்று கேட்டார் விஜயலக்ஷ்மி.

பொருளாளர் கண்ணாடியை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

"தேக்குதானே? அதுவும் நூறு வருஷம்னு சொல்லித்தானே போட்டா? மேல கூரை ஒழுகறது, அதைப் பாருங்கோன்னு அன்னிக்கு ஒருத்தர் சொல்லலை. இன்னிக்கு வந்த தேக்குக்காரரும் மேடைல நின்னுண்டுதான் விலை சொன்னார். தலையை நிமிர்த்திக் கூரையைப் பாக்கலை. இந்தப் பொண்ணு நம்ம இடத்தைப் பாக்காமலே கூரையைப் பத்திப் பேசறா." அவர் ஜாக்குலின் பக்கம் திரும்பினார். "எங்களுக்கு இந்த மரம்தான் வேணும்மா. நாளைக்குக் கமிட்டில நான் பேசிக்கறேன். அவா யாரும் ஆடறவா இல்லை, நான் சொன்னா கேப்பா. கூரைக்காரனை முதல்ல வரச் சொல்றேன். நீ வந்து அளவு எடுத்துக்கோ."

ஜாக்குலின் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. ஏஞ்சலம்மாளுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. "புனித அந்தோணியாரே!" என்று சத்தமாகவே அழுதுகொண்டு, கையிலிருந்த பூச்சரத்தைப் பாதி கிள்ளி விஜயலக்ஷ்மியின் தலையில் வைத்துவிட்டார். விருந்தாளிகள் எலுமிச்சைச் சாறு மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். போகும்போது வேங்கடசுப்ரமணியன் யாரும் பார்க்காத நேரத்தில் பலகை மேல் ஏறி நின்று, மெல்ல இரண்டு குதி குதித்துப் பார்த்ததை ஜாக்குலின் பார்த்துவிட்டாள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் சிங்கராயர் நாற்காலியை விட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். நேராகக் கறி அடுப்புக்குப் போய், எரிந்துகொண்டிருந்த பலகையை வெளியே இழுத்தார்.

"அண்ணாச்சி, கறி இன்னும் ஒரு கொதி வரணும்!" என்று பதறினார் இசக்கிதுரை.

"வேற வெறகு வையும்வே. இது கடச்சரக்கு."

பந்தி ஆரம்பித்தபோது மழை மறுபடியும் வந்தது. தார்ப்பாய்க்குக் கீழே தெருவே உட்கார்ந்து சாப்பிட்டது. கறி அன்றைக்கு அப்படி வாய்த்திருந்தது. ஹிக்கரிப் புகையின் வாசனை கறியில் இறங்கி, ஒரு வாய் வைத்தவன் எல்லாம் இசக்கிதுரையைத் திரும்பிப் பார்த்தான். அவர் ரகசியம் எதையும் சொல்லாமல் மீசையைத் தடவிக்கொண்டார். சிங்கராயரும் ஜாக்குலினும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வரிசையில் மர புரோக்கர் நாகூர் கனி உட்கார்ந்திருந்தார். கறி யாசர் கடை ஹலால் கறி என்பதால் வருஷம் தவறாமல் வந்துவிடுவார். அவருக்குக் காலையில் நடந்தது எதுவும் தெரியாது. வாய் நிறையச் சோற்றோடு, எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டார்:

"அண்ணாச்சி, ரெண்டு நாளுல ஆர்டர் அனுப்பணும். அடுத்து என்ன சரக்கு சொல்ல?"

சிங்கராயர் ரசத்தைக் கலக்கினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஏன் கேக்க? கொள்முதல் அவ பாக்கா."

நாகூர் கனியின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அப்படியே ஜாக்குலின் பக்கம் திரும்பினார். இந்தக் கேள்வி தன்னிடம் வந்தால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எத்தனை மாதமாக யோசித்து வைத்திருந்தாள்! இன்னும் இரண்டு கண்டெய்னர் ஹிக்கரி, ஒரு கண்டெய்னர் வொயிட் ஓக் என்று மனசுக்குள் மனப்பாடமே செய்திருந்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப ஒண்ணும் வேண்டாம் கனியண்ணே. மாட்டுங்காவுல ஒரு மேடை போடப்போறோம். இந்த மழைக்கு அது எப்பிடி நிக்குன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

சிங்கராயர் அப்போதுதான் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் இலை ஓரத்தில் கடைசியாகச் சாப்பிடலாம் என்று தனியாக ஒதுக்கி வைத்திருந்த நல்லி எலும்பை எடுத்தார். அதை அவள் இலையில் வைத்தார்.

பரிமாறிக்கொண்டு வந்த ஏஞ்சலம்மாள் அதைப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றார். "ஏங்க! நல்லியவா குடுத்தீங்க? கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல எனக்கே ஒரு நாளும் குடுத்ததில்லயே!"

"நீ என்னைக்குட்டி மரம் வித்த?" என்றார் சிங்கராயர்.

ஜாக்குலின் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எலும்பை இலையில் இரண்டு தட்டுத் தட்டி, உறிஞ்சிச் சாப்பிட்டாள்.